உணர்ச்சியை அளக்கும் நைலான் இழை

செருப்புக்குள் சிறு கல் புகுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? நான்கு அடி நடப்பதற்குள் நின்று, உதறிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் அதே கல்லோடு நாள் முழுவதும் நடந்து, மாலையில் இரத்தக் கறையைக் கண்ட பிறகே காயத்தை அறிகிறவர்களும் உண்டு. வலி தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து, பாருங்கள்!

மூளை, தண்டுவடம் ஆகியவற்றிலிருந்து கிளைத்து உடலெங்கும் செல்பவை புற நரம்புகள். தொடுதல், சூடு, வலி பற்றிய செய்திகளை மூளைக்கு அனுப்புபவை இவையே. நீரிழிவு நோய் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் இந்நரம்புகள் பழுதடைகின்றன. பெரும்பாலும் நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. ஆகவே கால்விரல்களில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சியும் தோன்றி, பின்பு மரத்துப்போகின்றன.

இன்று மருந்தால் குணமாகும் தொழுநோயும் நரம்புகளைக் கெடுக்கக்கூடியது. 1946 முதல் வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், அந்நோயாளிகளின் விரல்கள் அழிவதற்குப் பெருங்காரணம் அவர்கள் உணராத காயங்களே என்று காட்டினார்.

உணர்ச்சி குறைந்திருப்பதை எவ்வாறு அறிவது? விரலால் தொட்டால் ஒரு மருத்துவர் மெல்லத் தொடுவார். மற்றொருவர் அழுத்தித் தொடுவார். இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது.

செய்து பாருங்கள்

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்து, மின்னணுத் தராசின் தட்டில் செங்குத்தாக ஊன்றி மெதுவாக அழுத்துங்கள். முதலில் எடை கூடும். ஓர் அளவை எட்டியதும் ஈர்க்கு வில்லாக வளையும். அதன் பின் கையைச் சற்று இறக்கினாலும் வளைவு கூடுமே தவிர, தராசு காட்டும் எடை அதிகம் மாறாது. இந்த அளவு ஈர்க்கின் நீளம், பருமன், பொருள் ஆகியவற்றைப் பொறுத்தது. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை இதற்குச் சூத்திரம் கண்டார்.

மருத்துவரிடம் உள்ள நைலான் இழை 10 கிராம் எடையில் வளையுமாறு செய்யப்பட்டது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, உள்ளங்காலில் இழை வளையும்வரை அழுத்துவார். யார் அழுத்தினாலும் விசை ஒன்றே! அது தெரியவில்லை என்றால் அந்தக் கால் தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்ச்சியை இழந்திருக்கலாம். அத்தகையவர் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. செருப்பை உதறிவிட்டே அணிய வேண்டும். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். கண் மங்கிய தாத்தா பாட்டிக்கு அந்தப் பார்வையை நீங்களே அளிக்கலாமே!

சிந்திக்க: இழையின் நீளம் பாதியானால், அது வளைவதற்கு 4 மடங்கு விசை வேண்டும். நுனி ஒடிந்து பாதியான இழையால் சோதித்தால் நோயாளிக்கு என்ன தீங்கு நேரும்?