கணிப்பொறி வரைந்த வீட்டில் பிழை தேடுவது எப்படி?

வீடு கட்டுவதற்கு முன் அதன் வரைபடம் தயாராக வேண்டும். வரைபலகையும் பென்சிலும் செய்துவந்த இந்த வேலையை இன்று பெரும்பாலும் கணிப்பொறி செய்கிறது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்பவர் தம் ஆய்வுப் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற திட்டத்தை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு வரையலாம் என்று அது காட்டியது. 1982-இல் மேசைக் கணிப்பொறிகளுக்கான ‘ஆட்டோகேட்’ வெளிவந்தது. இன்று வீட்டு வரைபடத்துக்கென்றே பல மென்பொருள்கள் இருக்கின்றன.

அவற்றைப் பயன்படுத்துவோர் அடிக்கடி கூறும் குறைகள் சில உண்டு. அறையின் நான்கு சுவர்களும் திரையில் நன்றாக மூடியிருக்கின்றன. ஆனால் பரப்பளவைக் கேட்டால், ‘மூடிய உருவம் இல்லை’ என்கிறது மென்பொருள். நேராக வரைந்த சுவர் நடுங்குகிறது. சில சமயம் காணாமலே போகிறது. சுவரின் நிறம் இரு நிறங்களாக மாறி மாறி மினுக்குகிறது. சிறிய கைப்பிடி ஒன்றை வரைந்தால் அதில் ஓட்டை விழுகிறது. இவற்றுக்கெல்லாம் காரணம் என்ன? இயந்திரத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டதா?

இல்லை, மாணவர்களே! இந்தக் குறைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. அது உங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே நீங்கள் கற்ற பாடம்தான்.

மீச்சிற்றளவு

சாதாரண அளவுகோலால் 1 மி.மீ. வரை அளக்கலாம். வெர்னியர் அளவியால் 0.1 மி.மீ. வரையும், திருகு அளவியால் 0.01 மி.மீ. வரையும் அளக்கலாம். இதையே கருவியின் மீச்சிற்றளவு என்கிறோம். அதற்கும் குறைந்த வேறுபாடு அந்தக் கருவிக்குத் தெரியாது. தலைமுடியின் தடிமனை அளவுகோலால் அளக்க முயல்பவர் கோலைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணிப்பொறியில் இத்தகைய கருவி ஒன்றல்ல, பல. திரைக்கு ஒரு மீச்சிற்றளவு உண்டு. எண்களைச் சேமிக்கும் முறைக்கு ஒன்று உண்டு. ஆழத்தைக் கணக்கிடும் பகுதிக்கு இன்னொன்று. திரையில் காட்டும் பதின்ம இலக்கங்களுக்கும் ஒன்று உண்டு. குறை தோன்றியதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்தக் கருவியின் மீச்சிற்றளவுக்குக் கீழே இறங்கிவிட்டோம்?

மூடாத மூலை

10 மீட்டர் அகலமுள்ள வீட்டின் படம், திரையில் 1000 படப்புள்ளிகளை நிரப்புகிறது என்று கொள்வோம். ஒரு படப்புள்ளியின் பங்கு 10 மி.மீ. இது திரையின் மீச்சிற்றளவு. இரண்டு சுவர்க்கோடுகள் மூலையில் 0.3 மி.மீ. இடைவெளியுடன் நின்றால், அந்த இடைவெளி ஒரு படப்புள்ளியில் 33-இல் ஒரு பங்கே. கண்ணால் எப்படிக் காண முடியும்?

ஆனால் மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை. அது கோட்டு முனைகளின் ஆயத்தொலைவுகளை ஒப்பிடுகிறது. 0.3 மி.மீ. வேறுபாடு அதற்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே, ‘மூடவில்லை’ என்று அது சொல்வது உண்மையே. ஏமாந்தது நம் கண்தான்.

பரிகாரம்: மூலையை நூறு மடங்கு பெருக்கிப் பாருங்கள். 0.3 மி.மீ. இடைவெளி 3 படப்புள்ளிகளாக விரியும். ஆட்டோகேடில் ‘ஃபில்லெட்’ கட்டளைக்கு ஆரத்தைச் சுழி என்று கொடுத்தால் இரு கோடுகளும் ஒரே முனையில் சந்திக்கும். வரையும்போதே முனையைப் பிடிக்கும் ‘ஆஸ்நாப்’ வசதியைப் பயன்படுத்தினால் இந்தக் குறை தோன்றவே தோன்றாது.

காணாமல் போன சுவர்

அடுத்த குறை வேடிக்கையானது. நில அளவை வரைபடங்களில் ஒரு மனையின் இடத்தைப் பூமத்தியரேகையிலிருந்து அளந்து குறிக்கும் முறை உண்டு. அம்முறையில் சென்னை ஏறக்குறைய 1,446 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. வீட்டை மி.மீ. அலகில் வரைபவர் அந்த ஆயத்தொலைவை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு செங்கல்லின் இடமும் 144 கோடியே 60 லட்சம் என்பது போன்ற எண்ணாகிவிடும்.

மென்பொருள் பொதுவாக எண்களை 53 இரும இலக்கங்களில் சேமிக்கிறது. அதற்கு இந்த எண் ஒரு பொருட்டல்ல. ஆனால் படத்தைத் திரையில் தீட்டும் பகுதி, விரைவுக்காகப் பெரும்பாலும் 24 இரும இலக்கங்களையே வைத்துக்கொள்கிறது. இந்த இரு வகை எண்களுக்கும் 1985-இல் பொதுத் தரம் வகுக்கப்பட்டது.

இப்போது கணக்கிடுவோம். 2-இன் 30-ஆம் அடுக்கு 107,37,41,824. நம் எண் அதைவிடப் பெரியது. 31-ஆம் அடுக்கைவிடச் சிறியது. எனவே அதை எழுத 31 இரும இலக்கங்கள் வேண்டும். இருப்பதோ 24 இடங்கள். கடைசி 7 இலக்கங்களைக் கைவிட வேண்டியதுதான். 2-இன் 7-ஆம் அடுக்கு 128. ஆக, இங்கே மீச்சிற்றளவு 128 மி.மீ.! புள்ளிகள் 128 மி.மீ. இடைவெளியுள்ள படிகளில்தான் நிற்க முடியும். நடுவில் நிற்க இடமில்லை.

230 மி.மீ. உள்ள ஒன்பது அங்குலச் சுவர் திரையில் 128 ஆகவோ 256 ஆகவோ தோன்றும். 115 மி.மீ. உள்ள நாலரை அங்குலச் சுவரின் இரு பக்கங்களும் ஒரே படியில் விழுந்துவிட்டால், சுவரே மறைந்துவிடும்.

பரிகாரத்தை இயற்பியல் சொல்கிறது. ஆதிப்புள்ளியை எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. மனையின் ஒரு மூலையை ஆதிப்புள்ளியாக்கி, எல்லாப் படங்களையும் ஒரே அளவு நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்தினோம் என்பதைத் தனியே எழுதி வையுங்கள். வீட்டின் எண்கள் இப்போது சில ஆயிரங்களே. 24 இலக்கங்கள் தாராளமாகப் போதும்.

மினுக்கும் சுவர்

முப்பரிமாணப் படத்தில், முன்னே உள்ள பொருள் பின்னே உள்ளதை மறைக்க வேண்டும். அதற்காகக் கணிப்பொறி ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஓர் ஆழ எண்ணை வைத்திருக்கிறது. வழக்கமான முறையில் இது தூரத்தின் தலைகீழியைச் சார்ந்தது. ஆகவே அருகில் நுட்பமாகவும் தொலைவில் பருமனாகவும் அது அளக்கிறது.

பார்வை தொடங்கும் மிக அருகிய தூரத்தை 1 செ.மீ. என்று வைத்தால், 24 இரும இலக்க ஆழத்தில், 50 மீட்டர் தொலைவில் மீச்சிற்றளவு ஏறத்தாழ 15 மி.மீ. சிமென்டுப் பூச்சின் தடிமனோ 12 மி.மீ.தான். பூச்சு முன்னே, செங்கல் பின்னே என்று இயந்திரத்தால் தீர்மானிக்க முடியவில்லை. பார்க்கும் கோணம் சிறிது மாறினாலும் தீர்ப்பு மாறுகிறது, சுவர் மினுக்குகிறது. தொடக்கத் தூரத்தை 1 மீட்டராக்கினால் மீச்சிற்றளவு நூறு மடங்கு குறைந்து 0.15 மி.மீ. ஆகிவிடும்; மினுக்கம் நின்றுவிடும். இரண்டு பரப்புகள் துல்லியமாக ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் எந்த மாற்றமும் பயன்தராது. ஒன்றை அழித்துவிட வேண்டும்.

சிறியதைப் பெரிதாக்கி வேலை செய்

‘ஸ்கெட்ச்அப்’ என்ற மென்பொருள், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நெருங்கும் இரு புள்ளிகளை ஒரே புள்ளியாகக் கொள்கிறது. கதவின் கைப்பிடியில் உள்ள நுண்ணிய வளைவுகளை வரையும்போது சிறு கோடுகள் உருவாகாமல் ஓட்டை விழுவது இதனால்தான். அனுபவசாலிகள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். பொருளை 1000 மடங்கு பெரிதாக்கி, வேலையை முடித்து, பிறகு 1000-இல் ஒரு பங்காகச் சுருக்குவார்கள். உருவான கோடு, சுருக்கியபின் அழிவதில்லை.

பாதி பாதியாகத் தேடு

காரணம் எதுவென்றே தெரியாமல் படம் முழுதும் பழுதாகிவிட்டால் என்ன செய்வது? முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலில் பாதியை அழியுங்கள். குறை தொடர்ந்தால் அது மீதிப் பாதியில் உள்ளது. மறைந்தால் அழித்த பாதியில் இருந்தது. 1024 கோடுகளில் ஒன்று மட்டும் பழுது என்றால், பத்தே முயற்சிகளில் அதைப் பிடித்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற ஆய்வுக்கூட விதி இங்கும் பொருந்தும்.

ஆபத்தான உபாயம்

இதுவரை கண்டவை நல்ல உபாயங்கள். அவை எண்ணை ஏமாற்றவில்லை. கெட்ட உபாயமும் ஒன்று உண்டு. ஒரு மாடிப்படியைப் பாருங்கள். தளத்திலிருந்து தளம் வரை உயரம் 3000 மி.மீ. படிகள் 17. ஒரு படியின் உயரம் 176.47 மி.மீ. மென்பொருள் முழு எண்ணை மட்டும் காட்டும்படி அமைந்திருந்தால், 176 என்று காட்டும். 17-ஐ 176-ஆல் பெருக்கினால் 2992. மீதி 8 மி.மீ. எங்கே போயிற்று?

கூட்டிப் பார்த்தவர் திகைக்கிறார். சில மென்பொருள்களில் அளவின் மேல் வேறு எண்ணைத் தட்டச்சு செய்ய முடியும். அவர் 2992-ஐ 3000 என்று மாற்றி எழுதிவிடுகிறார். தாளில் கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் கொத்தனார் 16 படிகளை 176 மி.மீ. உயரத்தில் கட்டி முடித்தபின், கடைசிப் படிக்கு 184 மி.மீ. எஞ்சுகிறது.

8 மி.மீ. அற்பம் என்று நினைக்கலாம். படி ஏறும்போது நாம் ஒவ்வொரு படியையும் பார்ப்பதில்லை. முதல் சில படிகளிலேயே கால் உயரத்தைப் பழகிக்கொண்டு, அதே அளவே தூக்குகிறது. கடைசிப் படி மட்டும் உயர்ந்திருந்தால் நுனிவிரல் தட்டும். இருட்டில் மாடியேறும் முதியவருக்கு அது போதும், கீழே விழ. திரையில் உள்ள பிழையை ஒரு விசையால் நீக்கலாம். கான்கிரீட்டில் உள்ளதை நீக்க உளியும் சுத்தியும் வேண்டும்.

சரியான வழி எளிது. படியின் உயரங்களைத் தனித்தனியே தராமல், கீழ்த்தளத்திலிருந்து மொத்தமாகத் தர வேண்டும்: 176, 353, 529, 706 என்று. ஒவ்வொரு எண்ணும் அரை மி.மீ.க்கு மேல் பிழைபடாது. பிழைகள் சேர்ந்துகொண்டும் போகா. மொத்த உயரத்தை ஒரு கோலில் குறித்து, அதைச் சம பாகங்களாகப் பிரித்துப் படி கட்டுவதும் இதே தத்துவம்தான். இடம் இருந்தால், 150 மி.மீ. உயரத்தில் 20 படிகள் என்று வைத்துவிட்டால் மீதியே வராது.

ஆகவே, எந்த உபாயத்தைக் கையாளும்போதும் ஒன்றைக் கேளுங்கள்: இது எண்ணைச் சரி செய்கிறதா, அல்லது எண்ணை மறைக்கிறதா?

செய்து பாருங்கள்

1. 15 மீட்டர் அகலமுள்ள வீடு 1200 படப்புள்ளிகளில் தெரிகிறது. திரையின் மீச்சிற்றளவு என்ன? 0.5 மி.மீ. இடைவெளி ஒரு படப்புள்ளியாகத் தெரிய எத்தனை மடங்கு பெருக்க வேண்டும்?

2. மி.மீ. அலகில், ஆதிப்புள்ளியிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி வீடு வரையப்பட்டுள்ளது. 24 இரும இலக்கங்களில் மீச்சிற்றளவு என்ன?

3. தள உயரம் 3100 மி.மீ.; படிகள் 18. படி உயரத்தை முழு எண்ணாக மட்டும் கொண்டு கட்டினால் கடைசிப் படி எவ்வளவு?

விடைகள்: 1. 12.5 மி.மீ.; 25 மடங்கு. 2. 2 கோடி என்ற எண்ணுக்கு 25 இரும இலக்கங்கள் வேண்டும். ஒன்றைக் கைவிடுவதால் 2 மி.மீ. 3. படி உயரம் 172 மி.மீ.; கடைசிப் படி 176 மி.மீ.