ஃப்ரீபிஎஸ்டியில் டெஸ்க்டாப்: டிரைவரை முதலில் கையால் ஏற்றுங்கள்

ஃப்ரீபிஎஸ்டியை நிறுவி ரீபூட் செய்தால் வருவது கருப்புத் திரையும் ‘லாகின்’ என்ற ஒற்றை வரியும்தான். நிறுவல் பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. வேண்டாம், எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. இதன் அடிப்படை அமைப்பில் டெஸ்க்டாப் கிடையாது. ஏதோ ஒரு மூலையில் சர்வராக ஓடப்போகும் இயந்திரத்துக்கு ஐகான் எதற்கு? வேண்டுபவர்கள் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நெட் வருகிறது, ரூட் கடவுச்சொல் நினைவிருக்கிறது, உங்கள் பெயரில் ஒரு கணக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை இங்கே போனில் சொல்வதுபோல ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.

ரூட்டாக நுழைந்து ‘ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஃபெட்ச் இன்ஸ்டால்’ கொடுத்து, முடிந்ததும் ரீபூட் செய்யுங்கள். அடுத்து ‘பிகேஜி இன்ஸ்டால் எக்ஸ்ஆர்க் எக்ஸ்எஃப்சிஇ’. முதல் முறை என்பதால் பிகேஜி தன்னையே நிறுவிக்கொள்ளலாமா என்று கேட்கும், ஒய் அழுத்துங்கள். பிளாஸ்மா, க்னோம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் டெஸ்க்டாப் எக்ஸ்எஃப்சிஇ-யாகத்தான் இருக்க வேண்டும். கனம் குறைவு, தகராறும் குறைவு.

இனி வருவதுதான் ஆட்கள் விழும் இடம்: கிராஃபிக்ஸ் டிரைவர்.

உங்கள் கார்டு எது என்று முதலில் பாருங்கள். ‘பிசிஐகான்ஃப் -எல்வி’ என்ற கட்டளை இயந்திரத்தில் உள்ள எல்லாவற்றையும் கொட்டும். அதில் ‘டிஸ்ப்ளே’ என்ற வகுப்புள்ள பகுதிதான் நமக்குத் தேவை. இன்டெலோ ஏஎம்டியோ என்றால் ‘டிஆர்எம்-கேமாட்’ என்ற பொதியை நிறுவுங்கள். இன்டெலுக்கு ஏற்ற வேண்டிய மாட்யூல் ‘ஐ915கேஎம்எஸ்’. ஓரளவு புதிய ஏஎம்டிக்கு ‘ஏஎம்டிஜிபியு’, பழைய ரேடியானுக்கு ‘ரேடியான்கேஎம்எஸ்’. என்விடியா வேறு சாதி: அதற்கு ‘என்விடியா-டிரைவர்’ என்ற தனிப் பொதி, மாட்யூலின் பெயர் ‘என்விடியா-மோட்செட்’. கார்டு பழையது என்றால் பெயரின் கடைசியில் எண் போட்ட பழைய டிரைவர் பொதிகளில் உங்கள் கார்டுக்கு உரியதைத் தேடி எடுக்க வேண்டும்.

பொதி இறங்கியதும் எல்லாரும் செய்வது, மாட்யூலின் பெயரை பூட் ஆகும்போது படிக்கப்படும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் நேராக எழுதிவிட்டு ரீபூட் செய்வது. டிரைவர் ஒத்துவரவில்லை என்றால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் இயந்திரம் அதே இடத்தில் உறையும். ஆகவே எழுதாதீர்கள். முதலில் கையால் ஏற்றுங்கள், இன்டெல் என்றால்: ‘கேஎல்டிலோட் ஐ915கேஎம்எஸ்’. திரை ஒரு கணம் அணைந்து, எழுத்துகள் பொடியாகித் திரும்பி வந்தால் டிரைவர் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ‘எல்எஸ் /டெவ்/டிஆர்ஐ’ போட்டால் ‘கார்டு0’ தெரிய வேண்டும். மாறாக எல்லாம் உறைந்துபோனால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். எங்கும் எழுதி வைக்காததால் அடுத்த பூட்டில் பழையபடி லாகின் வரி வந்து நிற்கும்.

உறையவும் இல்லை, ஏறவும் இல்லை, பிழை மட்டும் வருகிறதா? ‘டிமெசேஜ்’ கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள் (தட்டும்போது டி-எம்-இ-எஸ்-ஜி). பெரும்பாலும் கர்னலும் மாட்யூலும் பொருந்தவில்லை என்றிருக்கும். இது கர்னலுக்குள் போய் உட்காரும் மாட்யூல். ஒரு பதிப்பின் கர்னலுக்குக் கட்டியது அடுத்த பதிப்பில் ஏறாமல் போகலாம். உங்கள் கர்னல் புதிதாக இருந்து பொதி பழைய பதிப்புக்குக் கட்டப்பட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். அப்போது போர்ட்ஸ் (மூலநிரலிலிருந்து பொதி கட்டும் முறை) வழியாக நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு கர்னலின் மூலநிரல் /யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி-யில் இருந்தாக வேண்டும். நிறுவும்போதே ‘எஸ்ஆர்சி’ பெட்டியில் டிக் போடச் சொல்வது இதற்காகத்தான். இடம் போகிறதே என்று பார்க்காதீர்கள்.

கையால் ஏறியது என்றால் இப்போது எழுதலாம்: ‘சிஸ்ஆர்சி கேஎல்டி_லிஸ்ட்+=ஐ915கேஎம்எஸ்’. நடுவில் வருவது அடிக்கோடு. கூட்டல் குறியை விட்டுவிட்டால் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். இன்னொன்று: இந்த வரியை லோடர்.கான்ஃபில் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. கேட்காதீர்கள், இதன் இடம் ஆர்சி.கான்ஃப்தான்.

அடுத்து, உங்கள் கணக்கை ‘வீடியோ’ குழுவில் சேருங்கள்: ‘பிடபிள்யூ குரூப்மாட் வீடியோ -எம்’, பின்னால் உங்கள் பயனர் பெயர். இதைச் செய்யாவிட்டாலும் டெஸ்க்டாப் வந்துவிடும், அதனால்தான் பலருக்கு இது தெரிவதே இல்லை. கார்டைத் தொட அனுமதி இல்லாமல் சிபியுவே படம் வரையும். ஜன்னலை நகர்த்தினால் இழுபடும், ஃபேன் ஓயாமல் சுற்றும். சேர்த்தபின் ஒருமுறை லாக்-அவுட் செய்து வாருங்கள், இல்லாவிட்டால் பலிக்காது.

டெஸ்க்டாப் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள டிபஸ் வேண்டும்: ‘சிஸ்ஆர்சி டிபஸ்_எனேபிள்=யெஸ்’ (யெஸ் மட்டும் பேரெழுத்தில்), பிறகு ‘சர்வீஸ் டிபஸ் ஸ்டார்ட்’. இனி ரூட்டை விட்டு வெளியே வந்து, உங்கள் கணக்கில் நுழையுங்கள். வீட்டு அடைவில் ‘.எக்ஸ்இனிட்ஆர்சி’ என்ற கோப்பில் ‘எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4’ என்று ஒரே வரி எழுதி, ‘ஸ்டார்ட்எக்ஸ்’ கொடுங்கள். எக்ஸ்ஆர்க்.கான்ஃப் எழுத உட்காராதீர்கள். இன்டெல், ஏஎம்டி கார்டுகளில் எக்ஸ் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கான்ஃப் கோப்பு, நன்றாக வரும் திரையையும் கெடுத்துவிடும்.

டெஸ்க்டாப் வந்து, மவுஸ் நகர்ந்து, ஒழுங்காக வெளியேறவும் முடிந்த பிறகுதான் லாகின் திரை. ‘லைட்டிஎம்’, ‘லைட்டிஎம்-ஜிடிகே-கிரீட்டர்’ இரண்டையும் நிறுவுங்கள். முதலாவதை மட்டும் போட்டுவிட்டுத் திரை வரவில்லையே என்று தவிப்பது வழக்கமான கதை. பிறகு சிஸ்ஆர்சியில் ‘லைட்டிஎம்_எனேபிள்=யெஸ்’.

அப்படியும் ஒருநாள், பெரும்பாலும் அப்டேட்டுக்கு மறுநாள், திரை கருப்பாகவே நிற்கலாம். மறுநிறுவல் தேவையில்லை. பூட் மெனுவில் 2 அழுத்தி சிங்கிள் யூசர் முறைக்குப் போய், ஷெல் கேட்கும்போது என்டர் தட்டுங்கள். ‘மவுண்ட் -யூ /’ கொடுத்தால் கோப்புகளைத் திருத்த முடியும். கோப்பு முறைமை ஜெட்எஃப்எஸ் என்றால் கூடவே ‘ஜெட்எஃப்எஸ் மவுண்ட் -ஏ’. இனி ‘சிஸ்ஆர்சி கேஎல்டி_லிஸ்ட்-=ஐ915கேஎம்எஸ்’ என்று கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டு மாட்யூலை நீக்கி, லைட்டிஎம்மையும் நிறுத்தி, ரீபூட். மறுபடியும் கையால் ஏற்றிப் பார்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள்.

மற்றவை சில்லறை. சத்தம் வரவில்லை என்றால் ‘கேட் /டெவ்/எஸ்என்டிஸ்டாட்’ பாருங்கள். பல சமயம் அது எச்டிஎம்ஐ-க்குப் போய்க்கொண்டிருக்கும், ‘சிஸ்சிடிஎல் எச்டபிள்யூ.எஸ்என்டி.டிஃபால்ட்_யூனிட்’ எண்ணை மாற்றினால் ஸ்பீக்கருக்கு வரும். பிரவுசரில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ எழுத்துருக்களைப் போடுங்கள். தமிழ்99-க்கு எக்ஸ்எஃப்சிஇ-யின் விசைப்பலகை அமைப்பைத் தோண்ட வேண்டாம். தானாகப் புள்ளி விழுவதெல்லாம் அதில் வராது. ‘ஐபஸ்’, ‘ஐபஸ்-எம்17என்’ இரண்டையும் நிறுவி, அதில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். பொதி இறங்கி முடிந்ததும் திரையில் ஓடும் குறிப்பைப் படிக்காமல் விட்டிருந்தால் ‘பிகேஜி இன்ஃபோ -டி ஐபஸ்’ போடுங்கள்; அந்த டி மட்டும் பேரெழுத்து. சேர்க்க வேண்டிய வரிகள் ஏதும் இருந்தால் அங்கேயே இருக்கும்.