திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

முதல் வெளிநாட்டுப் பயணத்தைத் தனியாக மேற்கொள்ள விரும்பும் பெண்ணுக்குச் சிங்கப்பூர் பொருத்தமான தேர்வு என்பதில் அத்தைக்கு ஐயமில்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய அந்நாட்டில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருப்பதும், பொதுப் போக்குவரத்து ஒழுங்காக இயங்குவதும், பெண்கள் இரவில் தனியே வீடு திரும்புவது அங்கு வியப்புக்குரியதாக இல்லாமையும் அதற்குக் காரணங்கள். ஆயினும் தனித்துச் செல்லும் பெண்ணுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் முன்பின் அறியாதவரைப் பற்றிய அச்சத்தையே சுற்றி வருகின்றன. திருச்சியிலிருந்து அங்கு செல்லும் பெண்ணுக்கோ தொல்லை அறிமுகத்தின் வழியாக வரவே வாய்ப்பு மிகுதி என்பதால், முகம் கோணாமல் மறுக்கப் பழகுவதே பயண ஏற்பாடுகளுள் முதலாவதாகும்.

பயணச் செய்தி தெருவுக்குத் தெரிந்ததும், அங்கே வேலை செய்யும் பிள்ளையிடம் சேர்க்குமாறு ஊறுகாய்ப் பாட்டிலும் மாத்திரை அட்டையும் நன்றாக ஒட்டி மூடிய பொட்டலமும் வந்து சேரும். கொடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் கொடுத்தவரைத் தேடிக்கொண்டு திருச்சிக்கு வருவதில்லை, பெட்டிக்கு உரியவரையே பிடிக்கிறது. பதினைந்து கிராமுக்கு மேற்பட்ட தூய ஹெராயினைக் கடத்துவது மரண தண்டனைக்குரிய குற்றமாக உள்ள அந்நாட்டில், ஒருவரின் கைவசமுள்ள பொருளுக்குள் போதைப்பொருள் இருந்தால் அதன் தன்மையை அவர் அறிந்தே வைத்திருந்தார் என்ற சட்ட அனுமானம் எழுகிறது. சட்ட அனுமானம் என்பது, அதற்கு மாறானது மெய்ப்பிக்கப்படும்வரை நீதிமன்றம் உண்மையெனக் கொள்ளும் ஒன்றாகும், மாறாக மெய்ப்பிக்கும் சுமையோ பெட்டி கொண்டு சென்றவர் தலையில் விழுகிறது. ஆகவே உள்ளே இருப்பதைத் தன் கையால் எடுத்து வைக்காத எதையும், சொந்தச் சித்தப்பா கொடுத்தாலும், ஏற்காதிருப்பதே முறை. வீட்டுச் சமையலறைப் பொருளும் இதற்கு விலக்கன்று. கசகசா அங்கு மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளாதலால், அம்மா ஆசையோடு அரைத்துத் தரும் குருமாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். இருமல் மருந்தில் கோடீன் இருந்தால், அதற்கு அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம்.

திரும்பும் வழியிலும் இதே கண்டிப்பு வேண்டும். கூலிக்குப் பொருள் சுமந்து வருவோரைக் 'குருவி' என்று விமான நிலைய வட்டாரத்தில் அழைப்பர். ஒரு சங்கிலியை மட்டும் அணிந்து வந்தால் போதும், விமானக் கட்டணம் கிடைத்துவிடும் என்று பேசுவோர், தனியே வரும் இளம்பெண்ணைச் சுங்க அதிகாரிகள் ஐயுறமாட்டார்கள் என்ற கணக்கில் அவளையே நாடக்கூடும். பெண்களுக்கு 40 கிராம் நகைக்குச் சுங்கவரி இல்லை என்று அவர்கள் சொல்வது அரை உண்மை. அச்சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்கு உரியதேயன்றி, ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோருக்கு உரியதன்று.

தங்குமிடத்தில் மலிவு ஏமாற்றும். லிட்டில் இந்தியாவில் தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை நாள்வாடகைக்குக் கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால், தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடுவது அங்குச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும், அரசின் அடுக்குமாடி வீடுகளுக்கு அந்தக் குறைந்தபட்சம் ஆறு மாதம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அத்தகைய அறையில் பணத்தகராறோ முறைகேடோ நேரும்போது, தானும் சட்டத்தை மீறிய இடத்தில் நிற்பதாக அஞ்சும் பெண் புகார் கொடுக்கத் தயங்குவாள் என்பதே அத்தையின் பெரிய கவலை. உரிமம் பெற்ற விடுதியோ, பெண்களுக்கெனத் தனிக்கூடம் ஒதுக்கிய பகிர்வு விடுதியோ போதுமானது. கேலாங் பகுதியில் வாடகை குறைவாக இருப்பதற்கு அதன் சில சந்துகளில் நடக்கும் பாலியல் தொழிலும் ஒரு காரணம். அங்குத் தங்குவது ஆபத்து என்று சொல்வதற்கில்லை, ஆனால் முதற்பயணத்தில் அந்தச் சங்கடம் வேண்டியதில்லை.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வயதுவந்த பெண்ணின் கடவுச்சீட்டுக்குத் தந்தையின் அனுமதி வேண்டும் என்று உறவினர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். விசா, அங்கீகாரம் பெற்ற முகவர் வழியே கிடைக்கிறது. விசாவில் காணும் செல்லுபடிக் காலம் வேறு, தங்க அனுமதிக்கப்படும் நாட்கள் வேறு. பின்னது, தரையிறங்கியபின் மின்னஞ்சலில் வரும் மின்னனுமதிச் சீட்டில் குறிக்கப்படுவதால், அதைத் திறந்து பார்க்காமல் இருப்பது தவறு. வருகை அட்டை எனப்படும் இணையப் படிவத்தை, சென்றுசேர்வதற்கு முன், அந்த நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்; அதற்குக் கட்டணமே இல்லை, கட்டணம் கேட்கும் தளம் அரசுடையதன்று.

பணத்தைப் பொறுத்தவரை, 2020 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாக வழங்கப்படும் வங்கி அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறக்கப்பட்டிருக்கும் என்பதால், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் இயக்கிவைக்காமல் புறப்படும் பெண் சாங்கி விமான நிலையத்திலேயே கையைப் பிசைந்து நிற்க நேரிடும். ஒருமுறைக் கடவுச்சொல் இந்தியத் தொலைபேசி எண்ணுக்கே வருமாதலால் அந்த எண்ணில் ரோமிங் வசதியும் தேவை. அட்டைகள் இரண்டும் ஒரே கைப்பையில் இருந்தால் இரண்டு வைத்திருப்பதில் பயனில்லை.

இரயிலில் ஒருவர் அத்துமீறினாலோ, அனுமதியின்றிப் படம் பிடித்தாலோ, 999 என்ற காவல்துறை எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். ஒளிந்து அந்தரங்கப் படமெடுப்பது 2020 முதல் அங்குத் தனிக்குற்றமாக வரையறுக்கப்பட்டுள்ளது. மருத்துவ ஊர்திக்கு 995. கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல்துறையில் புகார் அளித்து, அதன் நகலுடன் கிரேஞ்ச் சாலையிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுகினால், இந்தியா திரும்புவதற்கு மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழைப் பெற வழியுண்டு.

சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. மருமகள் இரவு 9 மணிக்கு விடுதி திரும்பி அழைத்தால் திருச்சியில் மாலை 6.30 ஆகியிருக்கும். அந்த ஓர் அழைப்பை அவள் தவறாமல் செய்வது போதுமானது. ஒரு நாள் அது சற்றுத் தாமதமானால் உடனே பத்து உறவினரைக் கூப்பிட்டுக் கலவரம் செய்யாமல் எட்டு மணிவரை பொறுத்திருக்குமாறு அண்ணனிடம் அத்தை தனியே பேசிக்கொள்வாள்.

அன்புடன்,
அத்தை