சொல்லலும் கேட்டலும்

ஊராட்சிப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் நாள்தோறும் பலருடன் பேசுகிறோம். ஆயினும், நாம் சொன்னது கேட்டவர் உள்ளத்தில் பதிந்ததா என்று ஆராய்வது அரிது. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்ல, மற்றவர் அதனைத் தம் நிலைமையோடு பொருத்திப் பார்த்து, தம் ஐயத்தைத் திருப்பிச் சொல்ல, முதலில் சொன்னவர் அதற்குச் செவிசாய்க்கும்போதுதான் கருத்துப் பரிமாற்றம் நிறைவு பெறுகிறது. மறுமொழி வராத பேச்சு வெறும் தண்டோராவே ஆகும்.

இதற்குச் சான்றாக ஒரு சோதனையைக் கூறலாம். 1956ஆம் ஆண்டில் பூனா வானொலியின் வாயிலாக, 5 மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. 10 வாரங்களில் 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. மன்றத்தினர் ஒன்றாக அமர்ந்து கேட்டனர்; கேட்டதைப் பற்றி விவாதித்தனர்; தங்கள் வினாக்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களைவிட, மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு மிகுதியாக வளர்ந்தது என ஆய்வில் தெரிந்தது. கூடிப் பேசியதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

நம் பணியில் நேர்ந்த தவறு ஒன்றையும் இங்கே கூறுதல் பொருந்தும். ஒரு சிற்றூரில் தனிநபர் கழிப்பறைத் திட்டத்தை ஒரு மணி நேரம் விளக்கினோம். அனைவரும் தலையசைத்தனர். ஐயம் உண்டா என்று வினவினோம்; எவரும் வாய் திறக்கவில்லை. கழிப்பறைகள் கட்டி முடிந்து ஆறு திங்களுக்குப் பின் சென்றபோது, ஒரு தெருவில் பலவற்றில் விறகு அடுக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டோம்.

“குடிக்கவே ரெண்டு குடம் தண்ணிதான் கிடைக்குது, ஐயா. இதுல ஊத்த எங்கே போவேன்?” என்றார் ஒரு மூதாட்டி.

“அன்றே சொல்லியிருக்கலாமே, அம்மா?”

“நீங்க எல்லாம் நாற்காலியில இருந்தீங்க. நாங்க வெளியில நின்னோம். எங்களை யாரு கேட்டா?”

அந்தத் தெருவுக்குக் குழாய் வந்த பின்னரே அவை பயன்பாட்டுக்கு வந்தன. அவர் வினாவை முன்னரே கேட்டிருந்தால், குழாயை முதலில் போட்டிருப்போம்.

ஆகையால், பின்வருவனவற்றை நாம் கைக்கொள்ளுதல் நலம்:

1. தலையசைப்பை உடன்பாடு என்று கொள்ளலாகாது. “புரிந்ததா?” என்பதைவிட, “இதை உங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள்?” என்று கேட்பதே பயன் தரும்.

2. கூட்டத்தில் அனைவரும் ஒரே மட்டத்தில் அமர வேண்டும்.

3. கூட்டத்துக்கு முன்பே எல்லாத் தெருக்களுக்கும் சென்று, சபையில் பேசத் தயங்கும் பெண்களிடமும் கூலி வேலை செய்வோரிடமும் குறைகளைக் கேட்டறிதல் வேண்டும்.

4. சென்ற கூட்டத்தில் எழுந்த வினாக்களுக்கு என்ன செய்தோம் என்பதை அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் அறிவிக்க வேண்டும். செய்ய இயலாதாயின், காரணத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே! அடுத்த சபையில் இதுவரை பேசாத ஒருவரையேனும் பேசச் செய்வோம். அவர் பேசி முடிக்கும் வரை பொறுமையுடன் கேட்போம்.