புளியாரை தினமும் சாப்பிடலாமா?

கேள்வி: கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் போனபோது புளியாரைக் கீரை பறித்து வந்தோம். மூலத்துக்கு நல்லது என்கிறார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் உண்டு. தினமும் கொடுக்கலாமா? (வாசகி, கள்ளக்குறிச்சி)

பதில்: அப்பாவுக்கு வேண்டாம், அம்மா. மூலம், சீதபேதி, பித்தம் ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவம் புளியாரையைச் சொல்வது உண்மைதான். வைட்டமின் சி, ஐசோவைடெக்சின் போன்ற ஃபிளாவனாய்டுகள் இதில் உண்டு. ஆனால் நாக்கைச் சுண்டும் அந்தப் புளிப்பு ஆக்சாலிக் அமிலத்துடையது. அது கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்தக் கால்சியம் ஆக்சலேட்தான். கல் வந்தவர், சிறுநீரகம் பழுதானவர் இரு தரப்பும் தவிர்க்க வேண்டும்.

மற்றவர்கள் எப்போதாவது ஒரு கைப்பிடி சாப்பிடலாம். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள், அமிலத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். தயிரோடு சாப்பிட்டால் அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் மட்டும் சமைக்காதீர்கள். இந்த இலையைக் கசக்கித் தேய்த்தாலே பித்தளை பளபளக்கும். புளிப்பு உலோகத்தை அப்படி அரிக்கும். மண்சட்டி போதும்.

பறிக்கும்போது பாருங்கள்: இதய வடிவில் மூன்று சிற்றிலை, மஞ்சள் பூ. நான்கு இலை இருந்தால் அது ஆரைக்கீரை, வேறு செடி.