கிட்டார் கழுத்துக்கு எண்ணெய் மெருகு: 10 குறிப்புகள்

கனமாக வார்னிஷ் ஏறிய கிட்டார் கழுத்தில், கை வியர்த்தால் கட்டைவிரல் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். மேப்பிள் மரக் கழுத்தின் பின்புறத்தில் எண்ணெய்யைக் கையால் தேய்த்து ஏற்றினால் இந்தத் தொல்லை இருக்காது. மியூசிக் மேன் நிறுவனம் தன் கிட்டார்கள் பலவற்றுக்கு, துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெய்யையும் மெழுகையும்தான் பயன்படுத்துகிறது.

1. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். அவை இறுகாமல் பிசுபிசுக்கும். காய்ந்து இறுகும் பாயில்டு லின்சீட் ஆயில், டங் ஆயில், ட்ரூ ஆயில் ஆகியவற்றில் ஒன்றை வாங்குங்கள்.

2. தந்திகளையும் முறுக்காணிகளையும் கழற்றுங்கள். திருகு போட்டு மாட்டிய கழுத்தானால் உடலிலிருந்து பிரித்துவிடுங்கள்.

3. ஃப்ரெட்போர்டின் ஓரங்கள், நட், தலைப்பகுதியில் உள்ள பெயர் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள்.

4. பழைய வார்னிஷை 220, 320, 400 என்ற வரிசையில் உப்புத்தாளால், மர ரேகை ஓடும் போக்கிலேயே தேயுங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் கழுத்தின் வடிவம் கெடும்.

5. ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். நிறம் மாறாத இடத்தில் வார்னிஷ் மிச்சம் இருக்கிறது. அங்கே எண்ணெய் இறங்காது. ஈரம் பட்டதும் மர நார்கள் எழும்பி நிற்கும். நன்றாகக் காய்ந்தபின் 400 தாளால் லேசாகத் தேய்த்தால் அடங்கிவிடும்.

6. பழைய பருத்தி பனியன் துணியில் சில சொட்டு எண்ணெய் போதும். சூடு ஏறும் அளவுக்குத் தேய்த்து, சில நிமிடங்களில் மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ட்ரூ ஆயில் சீக்கிரம் பிசுக்கேறும். சிறு சிறு பகுதியாகப் பூசி உடனே துடையுங்கள். தடிப்பாக விட்ட எண்ணெய்தான் பிசினாகிறது. அப்படி ஆகிவிட்டால் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து எடுக்கலாம்.

7. லின்சீட், டங் எண்ணெய்களுக்கு ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஒரு நாளாவது விடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. தொட்டால் ஒட்டக்கூடாது. மூன்று முதல் ஐந்து பூச்சு போதும்.

8. கடைசிப் பூச்சு இறுகியதும் 0000 எண் ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் தேயுங்கள். உதிரும் இரும்புத் தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கிட்டார் உடலைத் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் தேன்மெழுகுப் பசையை மெல்லத் தடவி, உலர்ந்த துணியால் மெருகேற்றுங்கள்.

9. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். காயும்போது உண்டாகும் சூட்டில் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

10. எண்ணெய் மெருகு வார்னிஷ் அளவுக்கு அழுக்கைத் தடுக்காது. கழுத்து கறுக்கத் தொடங்கினால் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள்.

வாசிப்பவர் கைக்கு இதமும், பழுதானால் வீட்டிலேயே சரிசெய்யும் வசதியும் வேண்டுமென்றால் எண்ணெய் மெருகே நல்லது. கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்பவர்கள் வார்னிஷை அப்படியே விட்டுவிடலாம்.