ஸ்டியரிங் திடீரென்று கனக்கிறதா? காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைக் கேட்டுப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். கடிதம் டைப் செய்யவும், கரண்ட் பில் கட்டவும், போட்டோக்களைச் சேமிக்கவும் பழகிவிட்டீர்கள். அடுத்து என்ன கற்றுக் கொள்ளலாம் என்று கேட்கும் வாசகர்களுக்கு இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான பாடம். உங்கள் வீட்டு வாசலில் சின்னக் கார் ஏதாவது நிற்கிறதா? அதற்குள்ளும் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஸ்டியரிங்கைப் பார்த்துக் கொள்கிறது. அதனுடன் உங்கள் லேப்டாப்பைப் பேச வைப்பது எப்படி, அது சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்று பார்ப்போம்.

இந்தப் பாடம் எனக்குக் கிடைத்தது உத்திரமேரூரில். அங்கே இருக்கும் என் சித்தப்பா, சித்தியை வாரம் இரண்டு முறை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காகவே பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறார். ஒரு நாள் போன் செய்தார். "டேய், காரு மாட்டு வண்டி மாதிரி ஆயிடுச்சுடா. திருப்பறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுது. மீட்டர்ல ஸ்டியரிங் படம் போட்டு மஞ்சள் லைட் வேற எரியுது." ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டியிருக்கிறார். ஸ்டியரிங் காலம் அசெம்ப்ளியையே மாற்ற வேண்டும், இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஸ்டியரிங்குக்குள் என்ன நடக்கிறது?

1983ல் மாருதி 800 வந்தபோது அதில் பவர் ஸ்டியரிங் கிடையாது. டிரைவரின் கை பலம்தான். பிறகு ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வந்தது. இப்போது வரும் சின்னக் கார்களில் பெரும்பாலும் மின் மோட்டாரில் இயங்கும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்தான், சுருக்கமாக இ.பி.எஸ். உலகில் முதன்முதலாக இதைப் பொருத்தி வந்தது சுஸுகி ஜப்பானில் 1988ல் விற்ற செர்வோ என்ற குட்டிக் கார். இதில் ஆயிலே இல்லை. ஆகவே இ.பி.எஸ். உள்ள காரைப் பார்த்து "ஸ்டியரிங் ஆயில் குறைஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி விடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். மவுஸ், கீபோர்டு மாதிரி இங்கே இன்புட் கொடுப்பது டார்க் சென்சார். நீங்கள் வீலைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி ஒன்று மிகச் சிறிய அளவு முறுங்குகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு முறுங்கியது என்பதைச் சென்சார் அளந்து சொல்லும். சி.பி.யு. வேலையைச் செய்வது இ.பி.எஸ். கண்ட்ரோல் யூனிட். அது காரின் வேகத்தையும் கேட்டுக் கொண்டு, மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்று முடிவு செய்கிறது. பார்க்கிங்கில் நிறைய உதவி, வேகம் கூடக் கூடக் குறைந்த உதவி. அவுட்புட், அந்த மோட்டார். எஸ்.எம்.பி.எஸ். எங்கே என்கிறீர்களா? பேட்டரியும் ஆல்டர்னேட்டரும்தான்.

எஸ்.எம்.பி.எஸ். பலவீனமானால் கம்ப்யூட்டர் என்னென்ன கூத்து அடிக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். தானாக ரீஸ்டார்ட் ஆகும், ஹேங் ஆகும். ஹார்டு டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்து போவோம். காரிலும் அதே கதை. நின்ற இடத்தில் வீலைத் திருப்பும்போது ஸ்டியரிங் மோட்டார் சில பத்து ஆம்பியர் மின்சாரத்தை உறிஞ்சும். பேட்டரி வோல்டேஜ் அதைத் தாங்காமல் இறங்கினால், கண்ட்ரோல் யூனிட் உதவியைக் குறைக்கும் அல்லது நிறுத்தும், லைட்டைப் போடும். பார்ப்பவருக்கு ஸ்டியரிங்கே போய்விட்டது போலத் தெரியும்.

லேப்டாப்பை இணைப்போம்

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில் முழங்கால் பக்கம் குனிந்து பாருங்கள். 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். இதுதான் ஓ.பி.டி. போர்ட். 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி தயாரான கார்களில் கட்டாயம் இருக்கும். அதற்கு முந்தைய பி.எஸ்.4 கார்கள் பலவற்றிலும் உண்டு. இதில் செருக ஈ.எல்.எம்.327 வகை அடாப்டர் ஒன்று வேண்டும். புளூடூத்திலும் வருகிறது, யு.எஸ்.பி. கேபிளுடனும் வருகிறது. புதியவர்களுக்கு யு.எஸ்.பி. வகை தொல்லை குறைவு.

அடாப்டரைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் காம் 3, காம் 4 என்று எந்த எண் புதிதாக வந்திருக்கிறது எனக் குறித்துக் கொள்ளுங்கள். புளூடூத் என்றால் 1234 அல்லது 0000 என்று எண் கொடுத்து இணைக்க வேண்டியிருக்கும். அதில் இரண்டு காம் போர்ட்கள் தெரியலாம்; வெளியே செல்லும் வகை எதுவோ அதை எடுங்கள். அடுத்து புட்டி என்ற இலவச புரோகிராம். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நல்ல புரோகிராம். அதில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, காம் எண்ணையும் 38400 என்ற வேகத்தையும் கொடுத்துத் திறந்தால் கறுப்புத் திரை வரும். 38400ல் வெறும் குப்பை எழுத்துகள் வந்தால் 9600 கொடுத்துப் பாருங்கள்.

இப்போது ஏ, டி, இஸட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். அடாப்டர் தன் பெயரைச் சொல்லும். வந்துவிட்டதா? இனி நமக்கு வேண்டிய கட்டளை: ஏ, டி, ஆர், வி. என்டர் தட்டியவுடன் பேட்டரி வோல்டேஜைச் சொல்லிவிடும். விலை குறைந்த அடாப்டர்கள் கொஞ்சம் கூடக்குறையக் காட்டும். சந்தேகமிருந்தால் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

இரவு முழுவதும் நின்ற கார், இன்ஜின் ஓடாத நிலையில் 12.6 வோல்ட் அருகில் காட்டினால் பேட்டரியில் முழு சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் காலியாகிக் கொண்டிருக்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்த பின் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். புதிய மாடல்கள் சிலவற்றில் சார்ஜிங்கையும் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும் என்பதால் சற்று மாறலாம். அடுத்துதான் முக்கியமான சோதனை. ஹெட்லைட்டைப் போட்டு, காரை நின்ற இடத்திலேயே வைத்து, ஒருவர் வீலைத் திருப்பட்டும். நீங்கள் அதே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள். கொஞ்சம் இறங்கி உடனே ஏறிவிட்டால் சரி. 12க்கும் கீழே விழுந்தால் கோளாறு ஸ்டியரிங்கில் இல்லை, மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது.

சித்தப்பா காரில் இதைத்தான் செய்தோம். இன்ஜின் ஓடாமல் 11.9. ஓடும்போது 13க்கு மேல். வீலைத் திருப்பினால் தடாலென்று இறக்கம். பானெட்டைத் திறந்தால், பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. கிளாம்பைக் கையால் ஆட்டினாலே ஆடியது. இன்ஜினை நிறுத்தி, முதலில் நெகடிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து, துடைத்து இறுக்கினோம். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். லைட் அணைந்தது, ஸ்டியரிங் லேசாயிற்று. பேட்டரிக்கும் வயதாகிவிட்டதால் அடுத்த வாரம் புதிது போட்டார். அசெம்ப்ளி இன்றுவரை பழையதுதான். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் சில மாடல்களில் ஸ்டியரிங் லைட் சிறிது நேரம் எரியும். கொஞ்ச தூரம் ஓட்டினால் அணையும். உங்கள் காரின் கையேட்டைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி விடுங்கள். அந்தச் சாக்கெட்டில் ஒரு பின்னுக்கு எப்போதும் பேட்டரி மின்சாரம் வந்து கொண்டே இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் ஓடும் காரில் அடாப்டரைச் செருகியே வைத்தால், பேட்டரியைக் காப்பாற்ற வாங்கிய பொருளே அதைக் காலி செய்துவிடும்.

"நோ கோட்ஸ்" என்றால் கோளாறு இல்லையா?

மொபைலிலும் லேப்டாப்பிலும் ஓடும் பல இலவச புரோகிராம்கள் எரர் கோடுகளைப் படித்துக் காட்டும். கோடின் முதல் எழுத்தைக் கவனியுங்கள். பவர்டிரெய்னின் பி என்றால் இன்ஜின், கியர் பகுதி. சி என்றால் சேஸி. பிரேக், ஸ்டியரிங் இதில் வரும். யூ என்றால் கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்று பொருள். பி0562 என்பது மின் அழுத்தம் குறைவு. யூ0131 என்பது ஸ்டியரிங் கம்ப்யூட்டருடன் தொடர்பு அறுந்துவிட்டது.

புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். இந்த இலவச புரோகிராம்கள் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும். ஸ்டியரிங் கம்ப்யூட்டரிடம் பேச, அந்தந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வேண்டும். ஆகவே மீட்டரில் மஞ்சள் லைட் எரிந்து கொண்டிருக்க, உங்கள் திரையில் "நோ கோட்ஸ்" என்று வந்தால், புரோகிராம் தவறான கதவைத் தட்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டால், கோடை அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். அழித்த பிறகு என்ன கோளாறு இருந்தது என்பது அவர் சொன்னதுதான்.

ஸ்டியரிங் லைட்டும் ஏ.பி.எஸ். லைட்டும் சேர்ந்து எரிந்தால் அது ஒரு நல்ல துப்பு. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று, பெரும்பாலும் வேகத்தைச் சொல்லும் சிக்னல், அறுந்திருக்கலாம். நம் கிராமப் பக்கம் இதற்கு முதல் குற்றவாளி எலி! வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினால் வயரைக் கடித்து வைத்துவிடும். சக்கரத்துக்குப் போகும் வயர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்களை மட்டும் தொடாதீர்கள், அவை ஏர்பேக்குக்கு உரியவை. பியூஸ் போயிருந்தாலும் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும்.

இன்னொன்று, கோளாறே இல்லாத கோளாறு. குறுகலான தெருவில் வீலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்பிக் கொண்டிருந்தால், மோட்டார் சூடாகி உதவியைத் தானே குறைத்துக் கொள்ளும். ஆறியதும் சரியாகிவிடும். இதற்குப் போய் செலவு செய்யாதீர்கள்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாத கோளாறுகள்

சென்சார் இருக்கும் இடத்தைப் பற்றித்தான் கம்ப்யூட்டர் பேசும். டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும். பல சின்னக் கார்களில் அதற்கு லைட் கிடையாது. ஒரு பக்கமாக இழுத்தால் காற்று, வீல் அலைன்மென்ட், பிடித்துக் கொண்ட பிரேக் இவற்றில் ஒன்று. எண்பது, தொண்ணூறு வேகத்தில் மட்டும் வீல் நடுங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்சிங். திருப்பிவிட்டால் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் ஸ்ட்ரட் மவுண்ட் இறுகியிருக்கலாம். ஸ்பீடு பிரேக்கரில் கட கட சத்தமும், வீலில் ஆட்டமும் சேர்ந்து வந்தால் டை ராடு, பால் ஜாயிண்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஒருவர் வீலை லேசாக இடமும் வலமும் அசைக்க, மற்றவர் வெளியே நின்று டயரைப் பார்க்கட்டும். டயர் அசையாமல் வீல் மட்டும் சுமார் 30 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால், கையேட்டில் உள்ள அளவைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். இது காத்திருக்கும் சமாச்சாரம் இல்லை.

எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இரண்டு உதாரணம். 2023 ஜூலையில் மாருதி சுஸுகி 87,599 எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஸ்டியரிங் டை ராடின் ஒரு பாகம் அரிதாக உடையக்கூடும் என்பது காரணம். 2024 ஆகஸ்டில் 2,555 ஆல்டோ கே10 கார்களை ஸ்டியரிங் கியர் பாக்ஸுக்காக அழைத்தது. பாகத்தை மாற்றும் வரை ஓட்ட வேண்டாம் என்றே அறிவித்தது. டை ராடில் சென்சார் கிடையாது. எந்த அடாப்டரைச் செருகினாலும் அதைப் பற்றி ஒரு எழுத்து வராது.

ஆனால் இங்கும் உங்கள் கம்ப்யூட்டர் உதவும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 எழுத்து சேஸி எண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். மாருதி என்றால் பெரும்பாலும் எம்ஏ3 என்று தொடங்கும். நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் என்றால் எம்ஏஎல். கம்பெனியின் வெப்சைட்டில் ரீகால் பகுதிக்குப் போய் அதை டைப் செய்தால், உங்கள் கார் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் மாற்றித் தருவது கம்பெனி செலவு. டைப் செய்யும்போது ஒரு குறிப்பு: சேஸி எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம், நேர்க்கோடாகத் தெரிவது ஒன்று. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது லைட் எரிந்து ஸ்டியரிங் கனத்தால் பயப்படாதீர்கள். வீலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்பு இணைப்பு இருக்கிறது; கார் திரும்பும், பலம்தான் அதிகம் வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். லேசாகிவிட்டாலும் அன்றைக்கே வோல்டேஜைப் பார்த்துவிடுங்கள். கனமாக இல்லாமல், வீல் தொளதொளவென்று ஆடினாலோ, எங்கோ சிக்கிக் கொண்டது போல் இருந்தாலோ, அங்கிருந்து ஓட்ட வேண்டாம். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.